ஃபீனிக்ஸிலிருந்து ஆற்றங்கரைக்கு: எந்த மாதம், எந்த ஆறு?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸின் வரைபடத்தில் நகரத்தின் குறுக்கே ஓர் ஆறு இருக்கும். சால்ட் ஆறு. பக்கத்து ஊரான டெம்பியைத் தாண்டி மேற்கே போய் இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் கூழாங்கல்லும் மணலும் புதரும்தான். நான் மதுரையில் வளர்ந்தவன். வைகையை வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை. காரணம்தான் வேறு. நகருக்குக் கிழக்கே கிரானைட் ரீஃப் என்று ஒரு தடுப்பணை 1908-இல் கட்டினார்கள். ஆறு அங்கே வந்ததும் இடது பக்கம் ஒரு கால்வாய், வலது பக்கம் ஒரு கால்வாய் என்று முழுத் தண்ணீரையும் திருப்பிவிடுகிறார்கள். மேலே உள்ள அணைகள் நிரம்பி வழிந்தால் ஒழிய ஆறு ஊருக்குள் வராது. டெம்பியில் பளபளக்கிறதே ஏரி, அதுகூட 1999-இல் அந்த வறண்ட படுகையில் தடுப்பு வைத்து நிரப்பியதுதான்.

ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு புதுக் குடும்பம் என்னிடம் கேட்கும்: "அண்ணா, பசங்களோட ஆத்தங்கரையில ஒரு ராத்திரி டென்ட் போடணும். பக்கத்துல எங்கே போகலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த மாசம்?"

பக்கமா தூரமா என்பதை நான் மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது உயரம். ஃபீனிக்ஸ் ஏறக்குறைய 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. 2023-இல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து இங்கே பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அதே நாட்களில் இரண்டு மணி நேரம் காரோட்டி 5,500 அடிக்கு ஏறினால் இருபது டிகிரி வரை குறையும். இரண்டாவது, அந்த ஆற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. அணை திறந்து வருகிறதா, ஊற்றிலிருந்து வருகிறதா, மழை பெய்தால் மட்டும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் மூன்று குணம். படத்தைப் பார்த்து இடம் பிடிப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. அங்கேதான் ஏமாற்றமும் வருகிறது, ஆபத்தும் வருகிறது.

எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது சால்ட் ஆற்றின் கீழ்ப் பகுதி. ஃபீனிக்ஸை ஒட்டிய மேசா ஊரிலிருந்து அரை மணி நேரம். சவாரோ ஏரியின் அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் பச்சையாக, சில்லென்று ஓடிவரும். கோடையில் ரப்பர் டியூபில் மிதந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். காட்டுக் குதிரைகள் கூட்டமாக ஆற்றில் இறங்கிப் பாசி மேயும். அவற்றைப் பாதுகாக்க அரிசோனா 2016-இல் தனிச் சட்டமே போட்டது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்ப இதைவிட நல்ல இடம் ஊர் பக்கத்தில் இல்லை. இராத் தங்க மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஜூலையில் அங்கே நள்ளிரவிலும் பாறையிலிருந்து அனல் அடிக்கும். சரி, குளிர்காலத்தில் போகலாமே என்றால், அப்போது நீர்வாரியம் சால்ட்டைச் சிக்கனமாக அடைத்துவிட்டு வெர்டி ஆற்றிலிருந்துதான் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும். வெர்டி வந்து சேரும் இடத்துக்கு மேலே சால்ட் சின்ன ஓடையாகிவிடும். கோடையில் தண்ணீர் உண்டு, தூங்க முடியாது. குளிர்காலத்தில் தூங்கலாம், தண்ணீர் இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் குளிர்கால விடை கிடைத்துவிடும். கேர்ஃப்ரீ ஊரைத் தாண்டிப் போனால் பார்ட்லெட் அணை. அதற்குக் கீழே வெர்டி ஆற்றங்கரையில் ரிவர்சைட் என்று ஒரு சிறு முகாம் இருக்கிறது. சவாரோக் கள்ளி நிற்கும் மலைச்சரிவு ஒருபுறம், ஆறு மறுபுறம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பகலில் இதமான வெயில், ஆற்றிலும் ஓட்டம் இருக்கும். குழாய்த் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், குடிக்கவும் கழுவவும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். டோண்டோ தேசியக் காட்டின் நுழைவுச் சீட்டையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டும் பருவம் அது, ஆகவே கரையில் சில பகுதிகளை அடைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைத் தாண்டாதீர்கள். தூரத்தில் நின்று பார்த்தாலே அந்தப் பறவை மனசை நிறைத்துவிடும்.

முதல்முறை போகிறவர்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் என் முதல் விடை காட்டன்வுட் ஊரில் உள்ள டெட் ஹார்ஸ் ராஞ்ச் மாநிலப் பூங்கா. செத்த குதிரைப் பண்ணை என்று பெயர் கேட்டதும் என் மாமியார் முகம் சுளித்தார். கதையைச் சொன்ன பிறகுதான் சிரித்தார். மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பண்ணை வாங்க நாலைந்து இடம் பார்த்திருக்கிறது. எது பிடித்தது என்று அப்பா கேட்டபோது, செத்த குதிரை கிடந்த அந்தப் பண்ணைதான் என்றார்களாம் பிள்ளைகள். 1973-இல் அந்தப் பண்ணை மாநில அரசுக்குக் கைமாறியபோது பெயரை மாற்றக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பெயர் இன்றும் அப்படியே நிற்கிறது.

சாண்ட்லரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடும். உயரம் 3,300 அடி. வெந்நீர்க் குளியலறை உண்டு, மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு, டென்டே வேண்டாம் என்பவர்களுக்கு மரக் குடில்களும் உண்டு. வயதானவர்களோடு போகும்போது இராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து நல்ல கழிப்பறைக்கு நடக்க முடிகிறதா என்பது பெரிய விஷயம். சிலருக்கு இந்தப் பூங்கா மேல் ஒரு குறை உண்டு: கூடாரம் போடும் இடம் ஆற்றை ஒட்டி இல்லை, மேட்டில் இருக்கிறது, ஆற்றுக்கு நடந்து இறங்க வேண்டும். நான் அதைத்தான் இதன் முதல் சிறப்பு என்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆற்றோரம் முழுக்க காட்டன்வுட் மரங்களும் வில்லோ மரங்களும். நம் ஊர் அரச இலை போலவே காட்டன்வுட் இலையும் லேசான காற்றுக்குச் சலசலக்கும். கண்ணை மூடிக்கொண்டால் கோயில் குளக்கரை. நவம்பர் தொடக்கத்தில் மரம் முழுக்க மஞ்சள். வெர்டி இங்கே சுற்றிலும் உள்ள ஊற்று ஓடைகளை வாங்கிக்கொண்டு ஓடுகிறது, கோடையிலும் முற்றாக வற்றுவதில்லை. நீர்நாய்கள் இந்த ஆற்றில் அற்றுப்போய், 1981 முதல் 1983 வரை லூயிசியானாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். விடியற்காலையில் சத்தம் காட்டாமல் கரையில் உட்கார்ந்திருந்தால் தண்ணீரில் V வடிவில் ஒரு கோடு நகர்ந்து வருவது தெரியும். என் மகள் அதை முதலை என்று நினைத்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையைத் தூக்கி எங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அது முங்கிப் போயிற்று. ஜூன், ஜூலையில் மட்டும் போகாதீர்கள். அங்கேயும் நூறு டிகிரியைத் தொடும்.

செடோனாவுக்கு மேலே ஓக் கிரீக் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மன்சனீட்டா, கேவ் ஸ்பிரிங்ஸ், பைன் ஃப்ளாட் என்று மூன்று முகாம்கள், 5,000 அடியை ஒட்டிய உயரம், ஊற்றுத் தண்ணீர் ஓடும் ஓடை, இருபுறமும் செம்பாறை. பைன் ஃப்ளாட் அருகே சாலையோரத்தில் ஓர் ஊற்று விழுகிறது. ஜனங்கள் குடம் குடமாக, அதாவது கேன் கேனாக, வரிசையில் நின்று பிடித்துப் போவார்கள். அழகில் இதற்கு இணை நான் எழுதப்போகும் எதிலும் இல்லை. ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே! ஆறு மாதம் முன்பு ஆன்லைனில் முன்பதிவு திறந்ததுமே வார இறுதிகள் போய்விடும். பள்ளத்தாக்கு குறுகியது, சாலையும் ஓடையும் ஒட்டியே போகின்றன, ஆகவே தண்ணீர்ச் சத்தத்தோடு வண்டிச் சத்தமும் சேர்ந்தே கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் எங்காவது ஓரமாக டென்ட் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது, முகாமுக்கு வெளியே தங்க அனுமதி இல்லை. கரையில் மூன்று இலைக் கொத்தாக விஷக்கொடி படரும், தொட்டால் தோல் கொப்பளிக்கும், பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய், புதனுக்குப் பதிவு செய்யுங்கள். வார இறுதியில் மட்டும் போக முடிகிறவர்கள் இதற்காக மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி கோடைக்கு வருவோம். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மேசாவிலிருந்து 87-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பேசன். அங்கிருந்து 260-இல் கிழக்கே திரும்பினால் மகயோன் ரிம் என்ற நெடிய செங்குத்துச் சுவர் இடப்பக்கம் கூடவே வரும். அதன் அடியில் டோண்டோ கிரீக், கிறிஸ்டோபர் கிரீக் என்ற ஓடைகளை ஒட்டி வனத்துறை முகாம்கள். உயரம் 5,600 அடிக்கு மேல். வழியெல்லாம் கள்ளி போய், பைன் மரம் வந்துவிடும். கார்க் கண்ணாடியை இறக்கினால் பைன் பிசின் வாசம். டோண்டோ கிரீக் ரிம்முக்கு அடியில் ஓர் ஊற்றிலிருந்து பிறக்கிறது. அந்த ஊற்றுத் தண்ணீரிலேயே ஒரு மீன் பண்ணையும் நடக்கிறது. அதனால் பாலைவனமே காய்ந்து கிடக்கும் ஜூனிலும் ஓடை சில்லென்று ஓடும். ஃபீனிக்ஸ் 110 என்றால் இங்கே 90. இராத்திரி போர்வை வேண்டும். ஜூன் மாதத்துக்கு என் விடை இதுதான், வேறு யோசனையே இல்லை.

ஜூனில் ஒரே ஒரு கட்டுப்பாடு: காடு காய்ந்திருக்கும், விறகு மூட்டவும் கரி அடுப்பு பற்றவைக்கவும் பெரும்பாலும் தடை இருக்கும். திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்குப் பொதுவாகத் தடை இல்லை. நாங்கள் முதல் நாளுக்குக் கட்டுச்சோறுதான், புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். மறுநாள் காலைக்கு ஐஸ் பெட்டியில் தோசை மாவு. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், மிச்சம், குப்பை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கரடி உள்ள காடு அது. நம் சமையல் வாசம் வெகுதூரம் போகும்.

ஜூலை வந்ததும் கதை மாறுகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை குறித்திருக்கிறது. பிற்பகல் இடிமழை ஒரு மலைச்சரிவில் மட்டும் கொட்டும், பக்கத்துப் பள்ளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் காட்டாறு என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இங்குள்ள ஓடைகளுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும்.

2017 ஜூலை 15 அன்று, பேசனுக்கு வடக்கே வாட்டர் வீல் என்ற இடத்துக்கு அருகே ஓடையில் ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. மேலே சில மைல் தூரத்தில் மழை கொட்டியது. அதற்கு முந்தைய மாதம்தான் அந்தச் சரிவில் காட்டுத்தீ எரிந்திருந்தது. எரிந்த மண்ணின் மேல் மெழுகுபோல ஒரு படலம் படிந்துவிடும், அது தண்ணீரை உறிஞ்சாது. பெய்த மழை அப்படியே சாம்பலும் மரக்கட்டையும் பாறையுமாகக் கறுப்புச் சுவராக இறங்கியது. அந்தக் குடும்பத்தில் 10 பேர் போய்விட்டார்கள். வெள்ள எச்சரிக்கை வெளியாகியிருந்தது, ஆனால் சிக்னல் இல்லாத பள்ளத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஆற்றங்கரை பற்றி யார் கேட்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நானே ஒரு ஆகஸ்டில் கிறிஸ்டோபர் கிரீக்கில் இதன் சின்ன உருவத்தைப் பார்த்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். தலைக்கு மேல் நீல வானம். பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மெல்ல டீ நிறமாயிற்று. அடுத்து பைன் ஊசிச் சருகு, அதன் பின்னால் நுரை. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "எல்லாரும் மேல வாங்க" என்று அவள் கத்திய வேகத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறினோம். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் அடுக்கிய கல் எதுவும் கண்ணில் படவில்லை. முழங்காலுக்கு மேல் வந்து நின்றது, அவ்வளவுதான், மாலையில் இறங்கியும்விட்டது. ஆனால் தண்ணீர் கலங்கினால் காரணம் தேடிக்கொண்டிருக்கக்கூடாது, முதலில் மேடேற வேண்டும் என்பதை அன்று உடம்பு கற்றுக்கொண்டது.

இடம் பார்க்கும்போது ஓடையைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். தண்டில், தாழ்ந்த கிளைகளில் சருகும் குச்சியும் புல்லும் கொத்தாகச் சிக்கியிருக்கும். பறவைக் கூடு என்று நினைக்கத் தோன்றும். அது பழைய வெள்ளம் ஏறிய உயரம். ஒருமுறை ஒரு சைக்கமோர் மரத்தில் அந்தக் கொத்து என் தலைக்கு மேல் இருந்தது. அதன் கீழே தரை மணலாக, சமமாக, டென்ட் அடிக்க வாகாக இருந்தது. சமமாக்கியதே வெள்ளம்தான். ஆகவேதான் டெட் ஹார்ஸ் பூங்காவில் கூடாரம் மேட்டில் இருப்பதைச் சிறப்பு என்றேன். ஜூலை, ஆகஸ்டில் ரிம் பக்கம் போனால் முகாமுக்குள் உயரமான இடமாகப் பதிவு செய்யுங்கள், ஓடைக்கு முற்பகலில் மட்டும் இறங்குங்கள், அண்மையில் எரிந்த காட்டுக்குக் கீழே உள்ள ஓடை என்றால் அந்த வருஷம் வேண்டாம். சாலையில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது.

ஆகஸ்ட் வெக்கைக்கு வேறு வழி வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் ஆல்பைன் ஊருக்கு அருகே கறுப்பு ஆற்றின் கிழக்குக் கிளை. ஐந்து மணி நேரப் பயணம், 7,500 அடியை ஒட்டிய உயரம், வரிசையாகச் சிறு முகாம்கள். 2011-இல் வாலோ தீ இந்த மலைகளை எரித்தது, அரிசோனாவின் ஆகப்பெரிய காட்டுத்தீ அது. கறுத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன, நடுவே ஆஸ்பன் கன்றுகள் அடர்ந்து வந்துவிட்டன. அப்பாச்சி டிரௌட் மீன் இந்த மலைகளுக்கு மட்டுமே உரியது. அழிவிலிருந்து மீண்டுவிட்டது என்று 2024-இல் அதை அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மூன்று நாள் விடுமுறை என்றால் போங்கள், இரண்டு நாளுக்கு இந்தத் தூரம் தாங்காது.

கொலராடோ ஆற்றைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு பக்கம் உண்டு. பார்க்கர் பக்கம் பக்ஸ்கின் மலைப் பூங்கா, மூன்று மணி நேரத்துக்குள். ஆறு அகலமாக, நீலமாக இருக்கும். வெயில் காலத்தில் மோட்டார் படகு இரைச்சல் காதைப் பிளக்கும், குளிர்காலத்தில்தான் அமைதி. எனக்கு அது ஒட்டவில்லை. வடக்கே லீஸ் ஃபெரி நாலரை மணி நேரம், ஆனால் கிராண்ட் கேன்யன் தொடங்கும் இடம். கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர், கால் வைத்தால் விறைக்கும், குளிக்க முடியாது, ஓட்டமும் வேகம். நிழல் கிடையாது. இத்தனைக்கும் அக்டோபரில் சாயங்கால வெயில் அந்தச் செஞ்சுவரில் ஏறும்போது பேச்சு வராது. நீச்சலுக்காக அல்ல, அந்த ஒரு மணி நேரத்துக்காகப் போகலாம்.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு சாஃபர்ட் ஊரைத் தாண்டி ஹீலா பாக்ஸ். 1990 முதல் பாதுகாக்கப்படும் ஆற்றுப் பகுதி, இரண்டு சிறு முகாம்கள், மார்ச், ஏப்ரலில் மலைப்பாறையில் பெருங்கொம்பு ஆடுகள். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால், முதுகில் சுமந்து நடக்கத் தயார் என்றால், அராவைப்பா பள்ளத்தாக்கு. ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதி, பாதை என்று தனியாக இல்லை, ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். பழைய ஷூ போட்டுப் போங்கள்.

போன மாதம் கேட்ட தம்பிக்கு நான்கு வயதில் ஒரு பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் ஒரு வார இறுதி. டெட் ஹார்ஸ், நவம்பர் முதல் வாரம், குளியலறைக்குப் பக்கத்தில் ஓர் இடம், அம்மாவுக்கு ஒரு குடில் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் ஆற்றின் நீர்மட்டத்தை நிலவியல் துறையின் இணையப் பக்கத்தில் பார்க்கச் சொன்னேன். அந்த மாதத்தில் அங்கே விடியற்காலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும், பையனுக்கு ஒரு குரங்குக் குல்லாவும், ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.